கட்டிய மணவறையைப் பிரிப்பதில்லை

எங்கள் வட்டாரத்து மாதர் கைத்தொழில் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் சென்ற மாதம் பிளாஸ்டிக்கில் வார்த்த தாமரை ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினர். நான் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தேன்; இதழ் உதிரவில்லை. தண்ணீரில் முக்கினேன், சாயம் கலையவில்லை. எங்கள் காலத்தில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் எத்தனையோ கவலைகள் மிச்சப்பட்டிருக்கும் என்று மனமாரச் சொன்னேன்.

"அப்ப நீங்க எதுல பெரியம்மா செஞ்சீக? அம்புட்டும் கையாலயேவா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சிட வேண்டும், எழுதித் தாருங்கள் என்றனர். பூவுக்கு மாதிரி வெட்டிப் பழகிய பழைய செய்தித்தாள்களிலிருந்து எழுத்துக்கூட்டிக் கற்றவள் நான். பிழைகள் இருப்பின் படிப்போர் பொறுத்தருள்க.

செயற்கைப் பூ மதுரைக்கு எப்போது வந்தது என்று அறுதியிட்டுக் கூற எனக்குக் கல்வி போதாது. நான் கேள்வியுற்றதை மட்டும் எழுதுகிறேன். மாதா கோயில்களின் பீடத்துக்காகக் கன்னியர் மடங்களில் மெழுகுப் பூவும் துணிப் பூவும் செய்யப்பட்டுவந்தன. அங்கே தையல் கற்ற பெண்கள் கல்யாணமாகிப் போன வீடுகளுக்கு அந்தக் கைவேலையையும் கொண்டுபோயினர். பிறகு நாடகக் கம்பெனிகள் மேடைக்கு மாலை கேட்டன. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஜாடியில் வைக்க ரோஜா கேட்டனர். கடைசியாகக் கல்யாண வீடுகள் வந்தன. மல்லிகைக்குப் பேர்போன ஊரில் துணிப் பூ எதற்கு என்று எங்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. வைகாசி முகூர்த்தத்தில், காலையில் கட்டிய தாமரை போட்டோ பிடிப்பவர் வந்து சேருமுன் இதழ் இதழாய்த் தரையில் கிடப்பதைக் கண்ட பிறகு அவர்களே எங்களைத் தேடி வந்தனர்.

என் கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணமான மறு ஆண்டே காய்ச்சலில் காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த அண்ணன் என்னை அழைத்துவந்து வைத்துக்கொண்டார். அடுத்த சந்தில் இருந்தவர் கதீஜா அக்கா. ராவுத்தர் வீட்டுப் பெண். நான் மதினியின் ரவிக்கைக்குக் கை தைப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "இம்புட்டு நறுவிசா தைக்கிற கைய வச்சுக்கிட்டு அடுப்படியிலயே கிடக்கியே" என்று சொல்லி, தாம் வேலை வாங்கிச் செய்யும் ஞானப்பூ அம்மாளிடம் என்னைக் கூட்டிப் போனார்.

ஞானப்பூ அம்மாள் மிஷன் பள்ளியொன்றில் தையல் ஆசிரியையாக இருந்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. தம் தந்தையைக் கவனிப்பதற்காக வேலையை விட்டு வந்து, வீட்டிலிருந்தபடி இத்தொழிலைத் தொடங்கினார். துணி, கம்பி, சாயம் எல்லாவற்றையும் அவரே வாங்கிப் பங்கிட்டு வீடுகளுக்குக் கொடுப்பார். நாங்கள் செய்து கொண்டுபோய்க் கொடுப்போம். ஆர்டர் பிடிப்பதும் கல்யாண வீட்டில் நின்று கட்டிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அவரை எல்லாரும் டீச்சரம்மா என்றே அழைத்தோம்.

என்னைச் சேர்ப்பதில் ஒரு தடை இருந்தது. கைம்பெண் கட்டிய பூவை மங்கல காரியங்களுக்குக் கொள்ளமாட்டார்கள். டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, துணியை வெட்டி ஒட்டுவது பூக்கட்டுவதாகாது என்று அண்ணனிடம் எடுத்துச் சொன்னார். மதினி கதவோரத்தில் நின்று, "பூ வைக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம். பூச் செய்யக் கூப்பிடுறாக, நல்லாத்தான் இருக்கு" என்றார். அண்ணன் நெடுநேரம் யோசித்துவிட்டு என்னிடம், "செய்யி. ஆனா கல்யாண வீட்டுல இருந்து ஒரு சொல்லு என் காதுக்கு வந்துச்சு, அன்னைக்கோட கத்திரிக்கோலக் கீழ வச்சிரணும்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊர் வாய்க்கு அஞ்சியவர். அதே அண்ணன்தான் என் கரி அடுப்புக்குப் பின்கட்டில் இடமும் ஒதுக்கித் தந்தார்.

பழகிய காலத்தைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. முதலில் இலை, பிறகு மொக்கு, பிறகு ரோஜா. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எனக்குத் தாமரை வசப்பட்டது. அதன் முறையைச் சங்கத்துப் பெண்கள் விரிவாகக் கேட்டதால் இங்கே எழுதுகிறேன்.

மல்துணியை அரிசிக் கஞ்சியில் நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் ஓரம் சுருண்டு, பிறகு எதற்கும் வழிக்கு வராது. பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவில் இதழ் வெட்டி, இரண்டிரண்டு இதழ்களுக்கு நடுவே மெல்லிய கம்பி வைத்து ஒட்டுவோம். பசையில் மயில்துத்தம் சிறிது கலக்காவிட்டால் கரப்பான் அரித்துவிடும். சாயத்தை இதழ் முழுவதும் பூசுவதில்லை. இதழைத் தண்ணீரில் ஒற்றி எடுத்து, நுனியில் மட்டும் ரோஸ் சாயத்தைத் தொட்டு வைத்தால், அது தானே உள்நோக்கிப் பரவி, அடியில் வெண்மையாக முடியும். அடுத்தது, நுனியில் சிறு உருண்டை உள்ள இரும்புக் கம்பியைக் கரியடுப்பில் காய்ச்சி, மணல் மூட்டையின் மேல் வைத்த இதழின் நடுவில் அழுத்த வேண்டும். அப்போதுதான் குழிவு விழும். சூடு குறைந்தால் குழிவு நிற்காது. மிகுந்தால் துணி பழுத்துவிடும். கம்பியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூட்டை அறிவது எங்கள் வழக்கம். மகரந்தத்துக்கு, நூலைப் பசையில் தோய்த்து மஞ்சள் கலந்த ரவையில் புரட்டுவோம். முடித்த தாமரையை மொட்டாகக் கூப்பித்தான் கூடையில் அடுக்க வேண்டும். விரித்துக் கொண்டுபோனால் வழியிலேயே நசுங்கிவிடும். பந்தலுக்குப் போனபின் மறுபடி சூடு காட்டி ஒவ்வோர் இதழாக விரிப்போம். எந்த இதழ் எவ்வளவு வளையும் என்பது அதை அழுத்திய கைக்கே தெரியும் என்பதால், செய்தவளே விரிப்பதுதான் சரி.

யுத்தம் வந்து சீமைச் சாயமும் கம்பியும் கிடைக்காமல் போன ஆண்டுகளில் ஈர்க்குச்சியை வைத்தும் செய்தோம். கிழிந்த வேட்டியின் நல்ல பாகத்தை வெட்டியும் செய்தோம். அக்காலத்திலும் டீச்சரம்மா ஒரு வீட்டுக்கும் வேலை இல்லை என்று சொன்னதில்லை. இருந்த வேலையைப் பகிர்ந்து கொடுத்தார்.

பூக்களை அவர் வாங்கும் முறையைச் சொல்ல வேண்டும். முற்றத்து வெளிச்சத்தில் பாயை விரித்து அமர்வார். ஒவ்வொரு பூவையும் காம்பைப் பிடித்துத் தலைகீழாக்கி விரலால் தட்டுவார். பிறகு அதைத் தமக்கு வலப்புறம் வைத்தால் சரி. இடப்புறம் வைத்தால் திருத்தி வர வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. அதுபோலவே, எவருடைய குறையையும் மற்றவர் கேட்கச் சொன்னதில்லை. இடப்புறம் வைத்த பூவுக்கு உரியவளை அருகே அழைத்து, "கஞ்சி பத்தல" என்றோ, "கம்பி காஞ்சுபோச்சு" என்றோ காதோடு சொல்லி அனுப்புவார். கதீஜா அக்கா மட்டும் சும்மா இருக்கமாட்டார்.

"டீச்சரம்மா, ஒரு நாளைக்காச்சும் நல்லாருக்குன்னு சொல்லுங்களேன். காசா பணமா?"

"நல்லா இல்லாட்டி வலது பக்கம் வப்பேனா?" என்பார் டீச்சரம்மா, தலை நிமிராமல்.

இனி, என் தொழிலே நிற்குமோ போகுமோ என்று நான் தவித்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அது யுத்தத்துக்கு முந்திய காலம்.

திருமங்கலத்தில் ஒரு ஜவுளி வியாபாரியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். மணவறை முழுவதும் துணிப் பூவால் அலங்கரிக்க வேண்டும். தூண்களுக்கு ரோஜாச் சரம், விதானத்துக்கும் உச்சிக்கும் தாமரை என்பது ஏற்பாடு. நான் கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. என் தாமரையைக் கதீஜா அக்கா விரித்துச் சமாளிப்பார். ஆனால் இம்முறை தாமரைகள் அதிகம். அவர் ஒருவரால் முகூர்த்தத்துக்குள் முடியாது. ஆகவே, வீட்டுக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையில் அடுப்பை வைத்து நான் விரித்துக் கொடுப்பது, கதீஜா அக்கா எடுத்துப் போவது, மணவறை கட்டும் கருப்பையா அண்ணன் ஏணியில் நின்று கட்டுவது என்று டீச்சரம்மா திட்டமிட்டார். விடியலில் தொடங்கிய வேலை வெயில் ஏறுமுன் முடிந்தது. ஒருவர் கண்ணிலும் நான் படவில்லை.

அடுப்பைத் தணிக்கப் போகும் வேளையில் கொட்டகை வாசலிலிருந்து மணவறையை ஒரு தரம் பார்த்தேன். உச்சித் தாமரையின் இதழ்கள் ஒவ்வொன்றாகத் தொங்கத் தொடங்கியிருந்தன. வெக்கைக்காக மணவறைக்குப் பின்னால் வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரம் ஏறிக் கஞ்சி இளகுகிறது என்பது எனக்கு உடனே விளங்கிற்று. கஞ்சி இளகினால் உடனே சூடு காட்ட வேண்டும். தாமதித்தால் பூ கெட்டது. இதைத் தவிர வேறொன்றும் அப்போது என் நினைவில் இல்லை. காய்ந்த கம்பியை எடுத்துக்கொண்டு நேரே பந்தலுக்குள் போய், ஏணியில் இரண்டு படி ஏறி, இதழ்களைத் தூக்கி அழுத்திக்கொண்டிருந்தேன்.

"யாரு இது? வெள்ளச் சேலையோட மணவறையில கைய வைக்கிறது?"

மணப்பெண்ணின் அத்தை நின்றுகொண்டிருந்தார். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கீழே இறங்கினேன். இடது ஓரத்து இதழ்கள் மட்டும் தொங்கியபடியே நின்றுபோயின.

பெண்ணின் தகப்பனார் வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "டீச்சரம்மா, இந்தப் பொண்ணு உங்க ஆளா?" என்று கேட்டார்.

"ஆமா, எங்க ஆளுதான்."

"அடுப்பு ஊத, கூடை தூக்க, அந்த மாதிரி வேலைக்கா?"

அவர் தாமாகவே ஒரு வழியைத் திறந்துவிட்டார். 'ஆம்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். டீச்சரம்மா அதைச் சொல்லிவிட வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"இல்லீங்க. தாமரை அம்புட்டும் இவ செஞ்சது" என்றார் டீச்சரம்மா.

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "பூவத் தொடக் கூடாத கை செஞ்சத எங்க பிள்ள தலைக்கு மேல கட்டிருக்கீகளே. எல்லாத்தையும் அவுத்து எறக்குங்க மொதல்ல."

டீச்சரம்மா வாதாடவில்லை. முகமும் மாறவில்லை. "சரிங்கம்மா. உங்க வீட்டுக் கல்யாணம், உங்க இஷ்டம். கருப்பையா, மேல ஏறித் தாமரைய எறக்குப்பா" என்றார்.

கருப்பையா அண்ணன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அது ஆகாதுங்கம்மா" என்றார்.

"ஏன் ஆகாது?" என்றார் அத்தை.

"கட்டுன மணவறையத் தாலி ஏறுமுன்னப் பிரிக்கிறதில்ல. எங்கப்பன் காலத்துலயும் பிரிச்சதில்ல. கல்யாணம் நின்னுபோன வீட்டுலதான் அப்படிப் பிரிப்பாக. இங்க நல்ல காரியம் நடக்கணும். நான் கை வைக்க மாட்டேன்."

அத்தை மேலே பார்த்தார்; கருப்பையா அண்ணனைப் பார்த்தார். "அப்ப தாலி ஏறும்போது அது தலைக்கு மேலயே இருக்கணுமாக்கும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கம்மா. எனக்குக் கட்டத்தான் தெரியும். தாலி ஏறட்டும், அடுத்த நிமிசம் நானே எறக்கித் தாரேன்."

அவர் சாத்திரத்துக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னாளில் கேட்டபோதும், "ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா தாயி?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிரித்த மணவறை என்ற பேச்சைக் கேட்டதும் கூடியிருந்த பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் நேரம். பெண்ணின் தகப்பனார் ஒரு முடிவுக்கு வந்தார்.

"பூ இருக்கட்டும். ஆளு இருக்க வேணாம்" என்றார். பிறகு டீச்சரம்மா பக்கம் திரும்பி, "உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. தை மாசம் சின்னவ கல்யாணம். அதுவும் உங்களுக்குத்தான். ஆனா இந்தக் கை வேணாம். போகையில எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார்.

"போகையில சொல்றேன்" என்றார் டீச்சரம்மா.

நான் கொட்டகைக்குப் போய்ச் சாமான்களை மூட்டை கட்டினேன். கதீஜா அக்கா என் கையிலிருந்த கம்பியை வாங்கி வைத்துக்கொண்டார். "துலுக்கச்சி இருக்கேன், வேதக்கார டீச்சரம்மா இருக்காக, எங்களையெல்லாம் உள்ள விட்டாக. ஒன்னையப் போகச் சொல்றாக. நல்லாருக்குடி இவுக கணக்கு" என்றார். சிரிப்பு மூட்டப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. "போயி ரோட்டு மேல புளியமரத்தடியில இரு. நான் இங்க இருந்து எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு வாரேன்" என்று அனுப்பிவைத்தார்.

புளியமரத்தடியில் தனியே உட்கார்ந்து நான் எண்ணியவை ஒன்றிரண்டல்ல. இது அண்ணன் காதுக்குப் போகாமல் இராது. டீச்சரம்மா என்னை வைத்துக்கொண்டால், எத்தனையோ வீடுகளுக்கு வேலை தரக்கூடிய பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்று கைவிட்டுப் போகும். ஒருத்திக்காக அத்தனை பேரையும் அவர் தவிக்கவிடுவது நியாயமாகுமா? அப்படியானால் இன்றோடு என் கத்திரிக்கோலுக்கு வேலையில்லை. அடுப்படியும் நாலு சுவரும்தான் மிச்ச நாளெல்லாம். டீச்சரம்மா என்ன சொல்வார் என்பது ஒன்றே இனி என் வாழ்வு என்று எனக்குத் தோன்றியது.

சற்று நேரத்தில் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு தனியே வருவதைக் கண்டேன். வந்து, மரத்தின் வேரில் என்னருகே அமர்ந்தார்.

"தாலி கட்டுமுன்னயே வந்துட்டீகளே டீச்சரம்மா?"

"உள்ள ஒரே வெக்கை" என்றார்.

பெண்ணின் தகப்பனாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. டீச்சரம்மா கண்ணை மூடிச் சிறிது நேரம் ஜெபம் செய்தார். யாருக்காக என்று தெரியாது. நானும் முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். அவள் தலைக்கு மேல் அப்போது என் தாமரைகள் இருந்தன.

மதுரை பஸ் வந்து நின்றது. நான் மூட்டையைத் தூக்கினேன். "வைய்யி. கதீஜா வரட்டும், அடுத்த வண்டியில போவோம்" என்றார் டீச்சரம்மா. பஸ் போய்விட்டது.

வெயில் உச்சிக்கு வந்த நேரம். ஊருக்குள்ளிருந்து ஒரு மோட்டார் கார் ஊதிக்கொண்டே வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறார்கள். என்னைப் போன்ற கைம்பெண்கள் மணமக்களின் எதிரில் படக்கூடாது என்பது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எழுந்து மரத்துக்குப் பின்னால் போகத் திரும்பினேன். டீச்சரம்மா உட்கார்ந்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற? நில்லு. உன் பூ வருது, பாரு."

மோட்டாரின் முன்புறத்தில் உச்சித் தாமரை கட்டப்பட்டிருந்தது. கருப்பையா அண்ணன் மணவறையிலிருந்து இறக்கி, அதை அங்கே கட்டிவிட்டிருக்கிறார். காற்றில் அசைந்துகொண்டு வந்தது. உள்ளே மணப்பெண் கொட்டாவி விட்டபடி, கழுத்து மாலையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பார்த்ததாகவே அவளுக்குத் தோன்றியிராது. மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மதுரைப் பக்கம் போயிற்று. நான் ஒளியவில்லை. அதனால் ஒரு தீங்கும் நேரவில்லை.

டீச்சரம்மா என் கையை விட்டுவிட்டு, யாரும் இல்லாத அந்த ரோட்டிலும் என் காதோடு, "இடது ஓரத்து இதழ் தொங்குது. அடுத்த தரம் கஞ்சியக் கொஞ்சம் கூட்டு" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அடுத்த தரமாம்மா?" என்றேன்.

"பின்ன? அழகர்கோவில் பக்கம் ஒரு கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காக. அங்கயும் வெட்டிவேர்த் தட்டி கட்டுவாக, தண்ணி தெளிப்பாக. இப்பவே யோசிச்சு வையி. உங்க அண்ணன்கிட்ட நான் வந்து பேசிக்கிறேன்."

அதற்குள் கதீஜா அக்கா கூடையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அடுத்த பஸ்ஸில் மூவரும் ஏறினோம். அந்த ஜவுளி வியாபாரியின் சின்ன மகள் கல்யாணம் எங்களுக்கு வரவில்லை. அது வராமல் போனதைப் பற்றி டீச்சரம்மாவோ, அவரிடம் வேலை வாங்கிய பெண்களில் ஒருவரோ, என் காதுபட ஒரு சொல் சொன்னதில்லை. கண் மங்கும்வரை நான் தாமரை செய்தேன். கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பந்தலில் நின்றே விரித்தேன்.